ஆல்பைன் லினக்ஸில் மட்டும் டெஸ்ட் கிராஷ் ஆகிறது, டெபியனில் எல்லாம் சரி

கேள்வி:
வணக்கம். தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஒரு சி லைப்ரரியை நான்கு மாதமாக எழுதி வருகிறேன். ('கொ' யூடிஎஃப்-8இல் 6 பைட், நமக்கு ஓர் எழுத்து. அந்த வேலைதான்.) டெபியனில் 41 டெஸ்டும் பாஸ். ஆல்பைன் கன்டெய்னரில் பில்ட் சுத்தமாக முடிகிறது, ஆனால் 17-வது டெஸ்டில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் நிறுத்தப்படுவது), எக்ஸிட் கோட் 139.

அந்த டெஸ்ட் நான்கு த்ரெட்களில் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடுவது. அதே உரையை மெயின் த்ரெட்டில் கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் ஃபங்ஷனுக்குள் நுழைந்ததுமே விழுகிறது, முதல் வரிகூட ஓடவில்லை. டெபியனில், மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் ஒரு குறையும் சொல்லவில்லை. யூலிமிட் கட்டளையில் ஸ்டாக்கை (ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள் இருக்கும் மெமரி) அன்லிமிடெட் ஆக்கியும் பார்த்துவிட்டேன். இரண்டு இரவு போய்விட்டது, யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
அந்த ஃபங்ஷனில் பெரிய லோக்கல் அர்ரே ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது. 256 கேபி பஃபர்.

பதில் 2:
அப்படியானால் அதுதான். டெபியனில் உள்ள சி ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஜிலிப்சி; ஆல்பைனில் இருப்பது அது அல்ல, மஸ்ல். அதில் புது த்ரெட்டுக்கு டீஃபால்டாக 128 கேபி ஸ்டாக்தான் (1.1.21 பதிப்புக்கு முன்பு 80 கேபி). ஜிலிப்சி யூலிமிட் அளவையே த்ரெட்டுக்கும் எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் 8 எம்பி. மஸ்ல் அதைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் நீங்கள் மாற்றியும் பலனில்லை. மெயின் த்ரெட்டுக்கு ஸ்டாக் கர்னல் தருவது, ஆகவே அங்கே தப்பித்தது.

பதில் 1:
த்ரெட் உருவாக்கும்போது ஸ்டாக் சைஸைக் கூட்டிக் கொடுத்தால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். ஆனால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். இது லைப்ரரி. நாளைக்கு த்ரெட்டை உருவாக்கப்போவது அதைப் பயன்படுத்துகிறவர், அவருக்கு உங்கள் பஃபர் பற்றித் தெரியாது. பஃபரை ஸ்டாக்கில் வைக்காமல் மாலாக்கில் (ஹீப் மெமரியில்) எடுங்கள். ஜிசிசியில் ஸ்டாக் யூசேஜ் வார்னிங்கை 16 கேபி வரம்போடு போட்டால், இதுபோல வேறு எங்கே இருந்தாலும் கம்பைலிலேயே சொல்லிவிடும்.

கேட்டவர்:
மாலாக்குக்கு மாற்றினேன், ஆல்பைனில் 41-ம் பாஸ்! இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வார்னிங் போட்டதும் இன்னொரு ஃபங்ஷனில் 64 கேபி அர்ரே ஒன்று சிக்கியது. டெஸ்ட் எதுவும் அதைத் த்ரெட்டில் ஓட்டவே இல்லை. அதையும் மாற்றிவிட்டு, இன்றிரவே ஆல்பைனை சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) சேர்க்கிறேன்.