ஆர்க்டிக் பூங்காவுக்குள் நடைபாதை வேண்டுமா?

கரிசல்காரன்:
அலாஸ்காவின் 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' தேசியப் பூங்கா 1980இல் உருவானது. புரூக்ஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதற்குள் சாலை இல்லை, ஒற்றையடிப் பாதைகூடப் போடவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாதுதான். ஆனால் பெரும்பாலோர் பெட்டில்ஸ் ஊரிலிருந்து சிறு விமானம் பேசித்தான் போகிறார்கள். வரிப்பணத்தில் காக்கும் இடம் காசுள்ளவர்களுக்கு மட்டுமா? ஒரே ஒரு பாதையாவது போடட்டும்.

பனிமலர்:
விமானம் பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கிழக்கு எல்லையை ஒட்டி டால்டன் நெடுஞ்சாலை போகிறது, அங்கிருந்து நடந்தே நுழையலாம். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் அனக்டுவுக் பாஸ் ஊருக்கு ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து டிக்கெட் எடுத்துப் போகும் விமானமும் உண்டு.

கரிசல்காரன்:
நுழையலாம், சரி. அப்புறம்? காலை வாரிவிடும் புல்திட்டுகள், பாலமில்லாத ஆறுகள், கரடிகள். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. போன் சிக்னலும் கிடையாது. பாதை இருந்தால் உயிர் பிழைக்கும்.

பனிமலர்:
பாதை இருந்தாலும் கரடி வரும், ஆறு பெருகும். மண்ணைப் பாருங்கள் ஐயா. அடியில் ஆண்டு முழுக்க உறைந்த நிலம். மேலே இருக்கும் பாசிதான் அதற்குப் போர்வை. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் பாசி போய்விடும், வெயில் இறங்கும், பனி உருகும், நிலம் அமிழ்ந்து தடமே ஓடையாகிவிடும். அதனால்தான் குழுவாகப் போகிறவர்களை வரிசையாக நடக்காமல் பரவி நடக்கச் சொல்கிறார்கள்.

வடதிசை:
நீங்கள் இருவருமே அங்கே வாழ்கிறவர்களை மறந்துவிட்டீர்கள். அனக்டுவுக் பாஸ் நுனாமியுட் என்னும் பழங்குடி மக்களின் ஊர். கரிபு மான் வேட்டைதான் அவர்களுக்குச் சோறு. பூங்காவுக்குள் வேட்டையாடச் சட்டமே அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003இல் சுமார் 4,90,000 மான்கள் இருந்தன. 2023இல் சுமார் 1,52,000. நடைப்பயணிகளால் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மந்தை கடக்கும் பள்ளத்தாக்கில் பாதை போட்டுக் கூட்டத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

கரிசல்காரன்:
கேட்கட்டும், நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் விமானங்கள் திரும்பத் திரும்ப இறங்குகிற ஏரிக்கரைகள் மட்டும் மிதிபடவில்லையா? அதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் ஏழையின் பாதையை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள்? என் வயதுக்காரர்கள் எங்கே போவது?

பனிமலர்:
ஏரிக்கரையும் மிதிபடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. அங்கே இறங்குகிறவர்களை வெவ்வேறு ஏரிகளுக்குப் பிரித்து அனுப்புங்கள் என்றுதான் கேட்பேன். வயதானவர்களுக்கு அலாஸ்காவிலேயே டெனாலி தேசியப் பூங்கா இருக்கிறது, அதற்குள் சாலையில் பேருந்தே ஓடுகிறது. ஆனால் அந்தச் சாலையின் கதையையும் பாருங்கள்: உறைமண் உருகி மலைச்சரிவு நகர்ந்ததால் 2021 ஆகஸ்டில் அதைப் பாதி வழியில் மூட வேண்டியதாயிற்று. அதற்கும் வடக்கே, இன்னும் பனி நிறைந்த மண்ணில் போடும் பாதையை யார், எத்தனை ஆண்டு பராமரிப்பார்கள்?