ஹக்கா என்ற சீன மொழியைப் பேசுகிறவர்களோடு பழகியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

ஆம்பூரிலிருந்து:

தோல் வியாபாரத்துக்காக எண்பதுகளின் கடைசியிலிருந்து கொல்கத்தா போய் வருகிறேன். அங்கே டாங்ரா பகுதியில் டேனரி (தோல் பதனிடும்) தொழில் அப்போது ஹக்கா சீனர்கள் கையில்தான் இருந்தது. பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்து மெய்சியான் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். நான் வழக்கமாகப் போகும் இடத்தில் கீழே டேனரி, மேலே வீடு. முதலாளி பீகார் தொழிலாளிகளிடம் இந்தியில் பேசுவார், என்னிடம் ஆங்கிலம், அக்கம்பக்கத்தில் வங்காளம். ஆனால் தோலைப் புரட்டிப் புரட்டித் தரம் பிரிக்கும்போது எண்ணுவது ஹக்காவில்: யிட், ஞி, சாம்... ஓரமாக நிற்கும் மகனும் கூடவே எண்ணுவான். எண்ணிக்கை தவறினால் மாடியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார், அதுவும் ஹக்காவில்தான். தொழிலும் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததால்தான் இத்தனை மொழிகளுக்கு நடுவே அது தாக்குப்பிடித்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

1962 போரின்போது இந்தியச் சீனர்கள் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்துவைத்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் வாயடைத்துப் போவார்கள். போருக்குப் பிறகு பலர் கனடா பக்கம் கிளம்பினார்கள். 1996இல் டேனரிகளை நகருக்கு வெளியே பான்தலாவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் மிச்சமிருந்தவர்களில் பலர் தொழிலையே விட்டுவிட்டு உணவகம் திறந்தார்கள். எனக்குத் தெரிந்த குடும்பமும் அப்படித்தான். அந்தப் பையன் இப்போது டொராண்டோவில். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன், டாங்ராக்காரர்களின் பிள்ளைகள் ஹக்கா பேசுகிறார்களா?

கோத்தா கினபாலுவிலிருந்து:

டொராண்டோ எனக்குத் தெரியாது, மலேசியாவில் எங்கள் சபா மாநிலத்துக் கதையைச் சொல்கிறேன். இங்கே ஹக்காக்காரர்கள் 1880களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை வழியாகக் குடாட் ஊரில் குடியேறியவர்கள். அப்புறம் சீனர்களுக்கு இடையே பொதுமொழியாகவே ஹக்கா ஆகிவிட்டது, இந்த மண்ணின் பழங்குடிகளான கடசான் மக்களிலும் பலர் கற்றுக்கொண்டார்கள். சீனப் பள்ளிகளில் பாடம் பொதுச் சீன மொழியான மாண்டரினில் நடப்பதால் பிள்ளைகள் வீட்டிலும் அதையே பேசுகிறார்கள். தாத்தா பாட்டியோடு மனம்விட்டுப் பேச முடியாத பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நான் சாமான் வாங்கும் இரும்புக்கடையில் முதலாளி ஹக்காவில் கேட்டால் மகள் மாண்டரினில் பதில் சொல்கிறாள். முப்பது வருடமாக அங்கே வேலை செய்யும் கடசான் அண்ணன்தான் அவரோடு நாள் முழுக்க ஹக்காவில் பேசிக்கொண்டிருக்கிறார்.