ஹார்வர்டு 2+2: இரண்டாவது பரிந்துரைக் கடிதத்தில் சிக்கல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கோவையில் பி.காம் கடைசி வருடம், தினமும் வேலந்தாவளம் வழியாகப் பஸ். ஹார்வர்டின் 2+2 எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கிறேன். இப்போதே இடம் கிடைத்தால், 2 முதல் 4 வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேரலாம். ஏப்ரலில் கடைசித் தேதி. ஜிமேட் நுழைவுத் தேர்வு முடிந்தது, 805க்கு 665. கட்டுரையும் ஓரளவு தயார்.

நின்றுபோனது பரிந்துரையில்தான். இரண்டு பேர் வேண்டும். ஒரு பேராசிரியை ஒப்புக்கொண்டார். இன்னொருவரிடம் மூன்று தடவை போனேன். "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். அது தவறு, செய்ய எனக்கு மனமில்லை. துறைத் தலைவருக்கு என் முகமே தெரியாது. சீனியர் அக்கா ஒருவரிடம் கேட்டேன், என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

என்னை உண்மையில் அறிந்தவர் எங்கள் ஊர் பால் சங்கச் செயலாளர். இரண்டு வருடமாகக் காலை ஐந்தரைக்கு அங்கே போய்க் கணக்குப் பார்க்கிறேன். பாலின் கொழுப்பு அளவைச் சீட்டில் கிறுக்கி, பிறகு பேரேட்டில் ஏற்றும்போது எண் மாறிவிடும்; பாலூற்றும் பெண்களுக்குக் காசு குறையும். அதை எக்ஸெலுக்கு மாற்றி, தகராறுகளைத் தீர்த்தது நான். கூடவே இருந்து பார்த்தவர் அவர். ஆனால் தமிழும் மலையாளமும்தான் எழுதுவார். படிவமோ ஆங்கிலத்தில், பரிந்துரைப்பவரே இணையத்தில் நிரப்ப வேண்டும்.

அவர் தமிழில் எழுதுவதை, எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் மொழிபெயர்த்து, செயலாளர் தன் கையாலேயே பதிவேற்றினால் ஏற்றுக்கொள்வார்களா? இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.