படைத்தள வாசல் காவல்: எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேள்வி: என் தம்பி படைத்தளம் ஒன்றில் வாசல் காவலுக்குப் போகிறான். மதில், கேமரா எல்லாம் இருந்தும் தாக்குதல் எப்படி நடக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

பதில் 1: நானும் 11 வருடம் வாசலில் நின்றவன். வெடிகுண்டு லாரியிடமிருந்து காப்பது முதலில் தூரம்தான். 1983-ல் பெய்ரூட்டில் லாரி கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெடித்தது. 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். வாசல் காவலர்களின் துப்பாக்கியில் தோட்டாவே நிரப்பியிருக்கவில்லை. இப்போது வாசலுக்கு வெகு முன்பே கான்கிரீட் தடுப்புகளை இடம் வலமாக மாற்றி வைக்கிறோம். நெளிந்து நெளிந்துதான் வர வேண்டும், வண்டி வேகமெடுக்க முடியாது.

பதில் 2: அப்புறம் கண். 1996-ல் சவூதியில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கோபர் டவர்ஸ் குடியிருப்பில், வேலியோரம் டாங்கர் லாரி நின்றதை மொட்டைமாடிக் காவலர்கள் பார்த்துவிட்டு, கதவு கதவாகத் தட்டி ஆட்களை எழுப்பினார்கள். லாரி வெடித்து 19 பேரைப் பறிகொடுத்தாலும் பலர் பிழைத்தது அதனால்தான்.

கேட்டவர்: சரி, அவனிடம் என்ன சொல்லட்டும்?

பதில் 1: தெரிந்த முகமானாலும் அடையாள அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விடியற்காலை, தினமும் வரும் தண்ணீர் லாரியில் புது கிளீனர். ஓட்டுநரோடு பேசிக்கொண்டே உள்ளே விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லாரி திரும்பி வெளியே போகும்வரை எனக்குக் கை நடுங்கியது.