பாடும் கிண்ணம் தேய்க்கும்போது கரகரக்கிறது. படிகக் கிண்ணத்தோடு சேரவும் மறுக்கிறது

சுருதிப்பித்து:
வணக்கம். எட்டுப் பேர் படுக்கக்கூடிய அறையில் 45 நிமிட ஒலி அமர்வு நடத்தப் போகிறேன். கைவசம் இருப்பவை: 14, 19, 26 செ.மீ. விட்டமுள்ள மூன்று வெண்கலக் கிண்ணங்கள், 12 அங்குலப் படிகக் கிண்ணம், 28 அங்குல காங் (தொங்கவிட்டு அடிக்கும் பெரிய உலோகத் தட்டு).

19 செ.மீ. கிண்ணத்தின் விளிம்பைக் கோலால் தேய்த்தால் முதலில் நன்றாகவே பாடுகிறது. ஒலி பெருகியதும் கரகரவென்று இரைகிறது. பெரிய கிண்ணமும் படிகக் கிண்ணமும் தனித்தனியே இனிமை, சேர்ந்தால் காதைக் குடைகிறது. காங்கை எங்கே மாட்டுவது, எவ்வளவு சத்தம் வரை போகலாம் என்பதும் தெரிய வேண்டும். வருபவர்களில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் உண்டு, இன்னொருவருக்குக் காது இரைச்சல்.

வெண்கலவாசி:
கரகரப்பை முதலில் பார்ப்போம். கோல் விளிம்பில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டித்தான் கிண்ணத்தை அதிர வைக்கிறது. வில் நரம்பில் ஓடுவதும் இப்படித்தான். அடிப்படை அதிர்வில் விளிம்பு வட்டத்தில் நான்கு இடங்கள் உள்ளும் புறமுமாக அசையும், இடையில் அசையாத நான்கு இடங்கள், அதாவது கணுக்கள். கோல் நகர நகர இந்த அமைப்பும் கூடவே சுற்றும். ஒலி பெருகினால் விளிம்பின் அசைவும் பெருகும். உங்கள் கையின் அழுத்தம் அதற்குப் போதாதபோது விளிம்பு கோலைத் தட்டிவிடும். கோல் துள்ளித் துள்ளி அடிப்பதுதான் அந்தக் கரகரப்பு. தொடக்கத்தில் வராமல் ஒலி நிறைந்தபின் வருவதற்குக் காரணம் இதுவே.

பலரும் அந்த நேரத்தில் பதறி வேகத்தைக் கூட்டுவார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: ஒலி நிறைந்ததும் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைச் சற்றே கூட்டுங்கள். கோல் ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கட்டும். மணிக்கட்டால் கிளறாமல், தோளிலிருந்து கை முழுவதும் சுற்ற வேண்டும். அந்த அளவுக் கிண்ணத்துக்கு மெல்லிய, வெறும் மரக்கோல் சரிவராது, 3 செ.மீ. தடிமனாவது உள்ள, மெல்லிய தோல் சுற்றிய கோல் எடுங்கள். வெறும் மரம் மேல் சுரங்களை (அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சுரங்களை) தூண்டும், தோல் அடிப்படைச் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். கிண்ணத்தை மெத்தென்ற திண்டில் வைத்து, கம்பளித் தலையுள்ள கோலால் ஒருமுறை தட்டுங்கள். அப்போதும் இரைந்தால் கோல்மேல் குற்றமில்லை: மோதிரமோ வளையலோ உரசுகிறது, அல்லது விளிம்பில் மயிரிழைக் கீறல் இருக்கிறது. கீறல் விழுந்த கிண்ணத்துக்குக் கார்வையும் சட்டென்று அறுந்துவிடும். இந்தக் கிண்ணங்கள் ஏழு உலோகங்களால் ஆனவை என்ற கதையை நம்ப வேண்டாம். நல்ல கிண்ணங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். வெள்ளீயம் இந்த அளவு ஏறினால் நாதம் நீளும், ஆனால் கீழே விழுந்தால் பிளந்துவிடும்.

அரைச்சுரம்:
சேராத இரண்டு கிண்ணங்களுக்கும் டியூனர் செயலியில் என்ன ஹெர்ட்ஸ் காட்டுகிறது? தட்டிய உடனே பார்க்காதீர்கள். ஐந்து விநாடி கழித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் செயலி மேல் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சுருதிப்பித்து:
பெரியது 131, படிகம் 349. இப்போதுதான் அளந்தேன்.

அரைச்சுரம்:
அப்படியானால் அடிப்படைச் சுரங்கள் சண்டையிடவில்லை. 131ஐ ச என்று வைத்தால் 349 மேல் ஸ்தாயி மத்தியமம், விகிதம் 8:3. அருமையான பொருத்தம்! கோளாறு செய்வது வெண்கலக் கிண்ணத்தின் அடுத்த சுரம். கிண்ணங்களில் அது இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ வராது, பொதுவாக 2.7 முதல் 2.8 மடங்குக்குள் நிற்கும். உங்கள் கிண்ணத்துக்கு 2.75 என்று கொண்டால் 360 ஹெர்ட்ஸ். 360க்கும் 349க்கும் நடுவே விநாடிக்கு 11 விம்மல், அதாவது ஒலி அத்தனை முறை ஏறி இறங்கும். விநாடிக்கு இரண்டு மூன்று விம்மல் என்றால் அலைபோல் இதமாக இருக்கும், பத்தைத் தாண்டினால் காது அதைச் சொரசொரப்பாகவே கேட்கும்.

கிண்ணத்தை மாற்ற வேண்டியதில்லை. மேல் சுரம் அடிப்படைச் சுரத்தைவிடச் சீக்கிரம் அடங்கும். ஆகவே பெரிய கிண்ணத்தைப் பெரிய, மென்மையான கம்பளித் தலையால் விளிம்புக்குச் சற்றுக் கீழே தட்டுங்கள், பத்துப் பதினைந்து விநாடி விடுங்கள், பிறகு படிகக் கிண்ணத்தைத் தேய்க்கத் தொடங்குங்கள். வரிசையை மாற்றினால், அதாவது படிகம் முழங்கிக்கொண்டிருக்கும்போது வெண்கலத்தைத் தட்டினால், அந்தக் குடைச்சல் திரும்ப வரும். படிகக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுருதியை இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இறங்கும்தான், ஆனால் இங்கே 360லிருந்து விலகும்போது மத்தியமப் பொருத்தமும் போய்விடும். வேண்டாம்.

படிகத்தை ரப்பர் வளையத்தின் மேல், மற்ற எதுவும் தொடாமல் வையுங்கள். ஒலி நிறைந்தபின்னும் விடாமல் தேய்த்துக்கொண்டே போனால் வெடிக்கக்கூடும். இது பயமுறுத்தல் இல்லை.

மெல்லொலி:
காங் தட்டு முன்னும் பின்னும்தான் ஒலியை வீசும், ஓரப் பக்கங்களில் குறைவு. அதனால் தட்டின் முகம் ஆட்களைப் பார்க்காமல், ஓரம் அவர்கள் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். மிக அருகில் படுப்பவர் தலைக்கும் காங்குக்கும் 3 மீட்டராவது இருக்கட்டும். எல்லாரும் கால்களைக் காங் பக்கம் நீட்டிப் படுக்கட்டும்.

அடிப்பதற்கு முன் தட்டை எழுப்ப வேண்டும்: காதுக்கு எட்டாத மென்மையில் ஐந்தாறு தொடுதல், பிறகு நடுவிலிருந்து சற்றே விலகி அடி. உறங்கும் தட்டில் ஓங்கி அடித்தால் சத்தம் சட்டென்று எகிறி, படுத்திருப்பவர் தூக்கிவாரிப் போட்டு எழுவார். திடுக்கிட வைப்பது சத்தத்தின் உயரத்தைவிட அது ஏறும் வேகம்தான்.

டெசிபல் கணக்கு: அமெரிக்கப் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் நியோஷ், 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. அது தொழிலாளர் காதைக் காக்கும் எல்லை. இளைப்பாற வந்தவருக்கு அவ்வளவு எதற்கு? தலைமாட்டில் கைபேசியை வைத்து அளந்து, உச்சத்தையே 75க்குள் அடக்கினால் போதும்.

பேஸ்மேக்கர் உள்ளவர் மார்பிலோ வயிற்றிலோ கிண்ணம் வைக்காதீர்கள். சில பேஸ்மேக்கர்களில் உடல் அசைவை உணரும் கருவி இருக்கிறது. நேரடி அதிர்வை அது நடையென்று எடுத்துக்கொண்டு துடிப்பைக் கூட்டக்கூடும். அறைக்குள் பரவும் ஒலி வேறு விஷயம், ஆனாலும் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். காது இரைச்சல் உள்ளவருக்குக் கதவோர இடம் கொடுங்கள், நினைத்தபோது எழுந்து போகலாம். காதை முழுசாக அடைக்கும் பஞ்சைத் தராதீர்கள்: வெளிச்சத்தம் அடங்கினால் உள்ளிரைச்சல் தூக்கலாகக் கேட்கும். இசைக் கலைஞர்கள் போடும், எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைக்கும் அடைப்பான் நல்லது. இசையால் வலிப்பு தூண்டப்படுபவரும் உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள்.

அரைச்சுரம்:
அறிவிப்பில் "நோய் தீரும்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 2016இல் வெளியான கிண்ணத் தியான ஆய்வில் 62 பேர் கலந்துகொண்டார்கள், இறுக்கமும் சோர்வும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பீட்டுக் குழு கிடையாது. சும்மா அசையாமல் படுத்திருந்தாலே அதில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது.

வெண்கலவாசி:
45 நிமிடத்தில் காங்கை 15க்கும் 25க்கும் இடையில் முடித்துவிடுங்கள். கடைசி 7 நிமிடம் எதையும் தொடாதீர்கள். அசையாமல் கிடக்கும் உடம்பு குளிரும், போர்வையைத் தொடக்கத்திலேயே கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டால் நடுவில் யாரும் எழ வேண்டியிருக்காது.