66 நாள் இடைவெளி, எஃப்.எஸ்.எச். 34: மாதவிடாய் நின்றாச்சா, இல்லையா?

கொடிமல்லி:
வயது 46. கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மருந்து எதுவும் இல்லை. போன வருஷம் வரை 28, 29 நாளுக்கு ஒருமுறை சரியா வந்தது. கடைசி ஆறு சுழற்சி: 25, 34, 27, 38, 24, 66 நாள். அந்த 66 நாள் இடைவெளியில், 50ஆம் நாள் எடுத்த எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டுற ஹார்மோன்) 34. "மெனோபாஸ் வந்தாச்சு"ன்னு சொன்னாங்க. அப்புறம் மாதவிடாய் வந்தது. அதோட 3ஆம் நாள் எடுத்தா 11. இப்போ "இன்னும் வரலை"ங்கறாங்க. எந்த ரிப்போர்ட்டை நம்புறது? கருத்தடை இனிமேலும் தேவையா?

பூவரசு:
ரெண்டு ரிப்போர்ட்டும் சரியாத்தான் இருக்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வச்சு முடிவு சொன்னதுதான் தப்பு. இந்த வயசில் உங்க காலண்டர் சொல்ற அளவுக்கு லேப் சொல்லாது.

'ஸ்ட்ரா' என்ற அளவுகோல் இதுக்காகவே இருக்கு. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்தது, 2012இல் திருத்தம் வந்தது. கடைசி மாதவிடாய்க்கு 0. அதுக்கு முன்னாடி மைனஸ் 5லிருந்து மைனஸ் 1 வரை, பின்னாடி பிளஸ் 1, பிளஸ் 2. மைனஸ் 5லிருந்து மைனஸ் 3 வரை கருவுறும் காலம். அதைப் பத்தி இங்கே பேச வேண்டியதில்லை.

மைனஸ் 2: அடுத்தடுத்த ரெண்டு சுழற்சிக்கு இடையே 7 நாளோ அதுக்கு மேலேயோ வித்தியாசம் வந்து, 10 சுழற்சிக்குள்ள அது திரும்பவும் நடக்கணும். உங்களுக்கு 25க்கும் 34க்கும் 9, 27க்கும் 38க்கும் 11. அப்போதே மெனோபாஸுக்கான மாற்றக் காலம் தொடங்கியாச்சு.

மைனஸ் 1: 60 நாளோ அதுக்கு மேலேயோ மாதவிடாய் வராத இடைவெளி. 66 நாள் ஆனதும் இங்கே வந்துட்டீங்க. இந்த நிலையில் எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் போறது வழக்கம், ஆனா அங்கேயே நிக்காது. இது பொதுவா 1 முதல் 3 வருஷம்.

மெனோபாஸ்னு சொல்லணும்னா தொடர்ந்து 12 மாசம் வராம இருக்கணும். 11ஆம் மாசம் ஒரு தடவை வந்துட்டாலும் எண்ணிக்கை முதல்லேருந்துதான். இந்தியாவில் சராசரி வயது 46–47, மேலை நாடுகளில் 51ஐ ஒட்டி. அதனால உங்க வயசுக்கு இது சீக்கிரம் இல்லை.

ஓபி அறை:
எண் ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னா: சினைப்பையில் மிஞ்சியிருக்கிற முட்டைப்பைகள் குறையக் குறைய, அவை சுரக்கிற இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் குறையும். எஃப்.எஸ்.எச்.சைச் சுரக்கிற மூளையடி பிட்யூட்டரி சுரப்பியைத் தடுக்க ஆள் இல்லாததால அது ஏறும். ஒரு மாசம் ஏதாவது ஒரு முட்டைப்பை அதுக்கு இணங்கி வளர்ந்துட்டா ஈஸ்ட்ரோஜன் கூடி, எஃப்.எஸ்.எச். உடனே இறங்கிடும். 34 வந்தது சினைப்பை அடங்கியிருந்த மாசம், 11 வந்தது அது வேலை செஞ்ச மாசம்.

முட்டை வெளிவராத மாசத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பை உள்சுவரை வளர்த்துக்கிட்டே போகும், கடைசியில் ரத்தம் கட்டுக்கடங்காம போகும். "நிக்கப் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் கொட்டும்"னு விட்டுடாதீங்க. மணிக்கு ஒரு பேட் நனைஞ்சா, 8 நாளைத் தாண்டினா, உறவுக்குப் பிறகு பட்டா, போய்க் காட்டணும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஸ்கேன், 45 தாண்டியவங்களுக்கு உள்சுவர்த் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.

இன்னொண்ணு. 46 வயசில் 66 நாள் தள்ளிப்போனா முதல்ல பார்க்க வேண்டியது சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை. அதைச் செய்யாம எஃப்.எஸ்.எச்.சுக்கு எழுதிக் கொடுக்கறது எனக்கு எரிச்சலான விஷயம்.

வேப்பம்பூ:
கருத்தடை கட்டாயம் தேவை. உங்க 11 வந்த மாதிரி மாசத்தில் முட்டை வெளிவரலாம். 50 வயசுக்குள்ள மாதவிடாய் நின்னா கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருஷம், 50க்கு மேல்னா 1 வருஷம் தொடரணும். 40க்குப் பிறகு போட்ட காப்பர் டியை மெனோபாஸ் உறுதியாகும் வரை வச்சிருக்கலாம். உடம்பு கொதிப்புக்குக் கொடுக்கிற ஹார்மோன் சிகிச்சையைக் கருத்தடைன்னு நினைக்கக் கூடாது; அந்த அளவு முட்டை வெளிவர்றதைத் தடுக்காது. கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு அதில் ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்டிரோனும் சேர்ந்திருக்கணும், இல்லேன்னா உள்சுவர் புற்றுநோய் ஆபத்து.

பூவரசு சொன்ன நாள் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தா தொடக்கத்திலிருந்தே சுழற்சி ஒழுங்கா இருந்திருக்காது, 7 நாள் விதி அங்கே உதவாது. கர்ப்பப்பையை எடுத்து சினைப்பையை விட்டவங்களுக்கு எண்ண மாதவிடாயே இல்லை. அறிகுறியும் திரும்பத் திரும்ப எடுத்த எஃப்.எஸ்.எச்.சும்தான் வழி. ரெண்டு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுறப்போ எடுத்தா எஃப்.எஸ்.எச். குறைவாத்தான் காட்டும். 40க்கு முன்னாடியே நின்னா அது இந்த அளவுகோலுக்குள்ள வராது, தனியா சிகிச்சை வேணும்.

கொடிமல்லி:
நன்றி. கர்ப்பப் பரிசோதனை அப்போ யாரும் எடுக்கச் சொல்லலை. 12 மாசம் முடிஞ்சு, அப்புறம் ஒரு நாள் லேசா பட்டா மறுபடி முதல்லேருந்து எண்ணணுமா?

ஓபி அறை:
எண்ணக் கூடாது, காட்டணும். ஒரு சொட்டா இருந்தாலும் சரி. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்சுவர்த் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தா திசு எடுத்துப் பார்ப்பாங்க. 4 அல்லது அதுக்குக் கீழேன்னா பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சியால வர்ற கசிவு. ஆனா திரும்பப் பட்டா தடிமன் எவ்வளவு இருந்தாலும் திசுப் பரிசோதனைதான்.

பூவரசு:
எலும்பு தேய்வது கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருஷம் முன்னாடியே வேகமெடுக்கும், பிறகு ரெண்டு வருஷம் அதே வேகம். கால்சியம் சாப்பாட்டோட சேர்த்து நாளுக்கு 1000–1200 மில்லிகிராம், வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கோங்க. தேதியை மட்டும் விடாம குறிச்சு வைங்க: தொடங்கின நாள், முடிஞ்ச நாள், எத்தனை பேட். டாக்டர்கிட்ட ரிப்போர்ட் ஃபைலுக்கு மேலே அந்தத் தாளை வச்சுக் கொடுங்க.