மறு: பட்டறைக் கையேட்டில் மூன்று ‘இயக்கி’கள்

அனைவருக்கும் வணக்கம்.

பொருட்களின் இணையம் பற்றிய நம் பட்டறைக் கையேட்டின் வரைவைப் படித்துவிட்டேன். முதலில் விளக்கைச் சிமிட்ட வைப்பது, அடுத்து டிஎச்டி11 உணரியில் வெப்பநிலை பார்ப்பது, அப்புறம் கைப்பேசியிலிருந்து மோட்டாரைச் சுழற்றுவது என்ற வரிசை நன்றாக இருக்கிறது. சிக்கல் மூன்றாம் பாடத்தில், மோட்டார் போலக் கட்டளைக்கேற்ப வேலை செய்யும் ‘ஆக்சுவேட்டர்’ என்பதற்கு வைக்கும் பெயரில்.

> ஆக்சுவேட்டருக்கு ‘இயக்கி’ என்றே வைக்கலாம். புழக்கத்தில் உள்ள சொல்தானே?

புழக்கத்தில் இருப்பதுதான் தொந்தரவு. நாம் தரப்போகும் நோட்எம்சியூ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச சிஎச்340 சில்லு இருக்கிறது. கணினியில் முதலில் அதற்கான டிரைவரை நிறுவச் சொல்கிறோம், அது இயக்கி. பலகையின் முதன்மைச் சில்லான ஈஎஸ்பி8266-இன் ஒரு காலிலிருந்து (பின்) 12 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதால், மோட்டாருக்கு முன்னால் எல்293டி என்ற மோட்டார் டிரைவர் வருகிறது. வரைவில் அதுவும் இயக்கி. இப்போது மோட்டாரும் இயக்கி என்றால், “இயக்கியை நிறுவிய பின் இயக்கியை இயக்கியோடு இணைத்து இயக்கவும்” என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மென்பொருளுக்கு ‘இயக்கி’ நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம். மோட்டார் டிரைவரை ‘ஓட்டி’ எனலாமா? படகோட்டி, தேரோட்டி என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம். மின்னோடி (மோட்டார்) ஓடும், ஓட்டி அதை ஓட்டும்.

ஆக்சுவேட்டருக்கு வந்த மற்றச் சொற்களுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ‘தூண்டி’ என்றால் மின்தூண்டி நினைவுக்கு வரும். ‘முடுக்கி’ என்றால் துகள் முடுக்கி. ‘செயலி’யோ கைப்பேசிக்கும் நுண்செயலிக்கும் நடுவே ஏற்கெனவே இழுபடுகிறது. என் பரிந்துரை ‘நிகழ்த்தி’. வெளியே நடப்பதை உள்ளே தெரிவிப்பது உணரி. உள்ளே எடுத்த முடிவை வெளியே நடத்திக் காட்டுவது நிகழ்த்தி. மோட்டார், சோலனாய்டு வால்வு, பஸ்ஸர் எல்லாம் இதில் அடங்கும். இது வினையெச்சமாகவும் வருமே என்று கேட்பீர்கள். மாற்றி, கடத்தி, பெருக்கி எல்லாமே அப்படித்தான். ‘நிகழ்த்தியை’ என்று உருபு ஏறிவிட்டால் குழப்பம் இல்லை.

> ஒரு காலின் ஹை, லோ நிலைகளுக்கு ‘எரி’, ‘அணை’. புதியவர்களுக்கு எளிது.

எளிதுதான், ஆனால் முதல் பாடத்திலேயே காலை வாரிவிடும். நோட்எம்சியூவில் உள்ள நீல விளக்கு 3.3 வோல்ட்டுக்கும் ஜிபிஐஓ2 காலுக்கும் நடுவில் இருக்கிறது. கால் 0 வோல்ட்டுக்கு இறங்கும்போதுதான் மின்னோட்டம் பாய்ந்து எரியும். ‘அணை’ என்றதும் விளக்கு எரிந்தால், புதிதாக வந்தவர் தன் நிரலைத்தான் சந்தேகிப்பார். கடையில் கிடைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) பலகைகள் பலவும் இதே ரகம். இவை மின்னழுத்த நிலைகள், அவ்வளவுதான். ‘உயர்’, ‘தாழ்’ போதும்.

> ப்ரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை) = செருகுபலகை

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் போய்ச் ‘செருகுபலகை’ கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பட்டறை முடிந்த பிறகு பாகங்களைத் தாமே வாங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கையேடு. எனவே ‘ப்ரெட்போர்டு’, ‘ஜம்பர் வயர்’ அப்படியே இருக்கட்டும். தமிழ்ச்சொல்லைக் கடைசிப் பக்கப் பட்டியலில் தருவோம்.

தலைப்பைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 1999-இல் கெவின் ஆஷ்டன் வைத்த ‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்ற பெயருக்கு ‘பொருட்களின் இணையம்’ பரவலாகிவிட்டது. ‘இணையப் பொருட்கள்’ என்றால் ஏதோ ஆன்லைனில் விற்கும் சாமான் போலத் தோன்றுகிறது.

‘நிகழ்த்தி’க்காக வாதாடத் தயார். ‘ஓட்டி’யில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை, அதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். மூன்றாம் பாடத்தின் சுற்றுப்படங்களில் பெயர் எழுதுவதற்குள் முடிவானால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.